மஹய்யாவ ராணியின் கூடைகள்

கண்டியில் ஒரு பெண்மணி நம் விளையாட்டில் ஏதோ தில்லுமுல்லு செய்கிறாள், நேரில் போய்ப் பார்த்துவிட்டு வா என்று சொல்லித்தான் என்னை விமானம் ஏற்றினார்கள். நானும் போனேன், பார்த்தேன், கண்டுபிடித்தேன். ஆனால் அதற்குள் ஒரு சுற்றுப் பெருத்துவிட்டேன்.

என் வேலை கொஞ்சம் விசித்திரமானது. சென்னையில் செல்ஃபோன் விளையாட்டுகள் செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் இருக்கிறேன். ஒரு கட்டத்தைத் தாண்டினால் திரையில் மத்தாப்புக் கொளுத்தி ஒரு பரிசு குதித்து வருகிறதே, அந்த நொடியில் உங்கள் மனசுக்குள் என்ன ஓடுகிறது என்று கேட்டு எழுதுவதுதான் என் பிழைப்பு. கோயம்புத்தூரில் இருக்கும் அம்மாவுக்கு இதை விளக்கப் பார்த்தேன். "நீ ஃபோன நோண்டுனா திட்டு வாங்குவ. நோண்டறவங்களப் போய்ப் பாக்கறதுக்குச் சம்பளமா?" என்று கேட்டுவிட்டு மாவாட்டப் போய்விட்டார்.

எங்கள் விளையாட்டின் பெயர் பழக்கூடை. ஒரே மாதிரிப் பழங்களை மூன்று மூன்றாகச் சேர்த்தால் மறையும், தப்பினால் ஓர் உயிர் போகும். தினமும் ஆட வந்தால் ஒரு பரிசுக் கூடை. அதைப் பிரித்தால் உள்ளே புது உயிர்களோ நட்சத்திரமோ இருக்கும். பிரிக்காமல் அடுத்தவருக்கும் அனுப்பலாம். உயிர் தீர்ந்தவர்கள் கையைத் தூக்கிக்கொண்டு வரிசையாக நிற்கும் ஒரு பக்கம் உண்டு, அங்கே போய் யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம். மனிதர்கள் கூடையைப் பிரிப்பார்கள், அனுப்பினாலும் திரும்பி ஒன்று வரும் என்ற நினைப்பில்தான் அனுப்புவார்கள் என்பது எங்கள் கணக்கு. திருப்பி அனுப்புவதற்கென்றே பெரிதாக ஒரு பச்சைப் பொத்தான் வைத்திருந்தோம்.

'மஹய்யாவ ராணி' என்ற பெயரில் ஆடியவர் இந்தக் கணக்கையெல்லாம் தூக்கிக் கடாசியிருந்தார். வருஷம் பூராவும் கூடையைப் பிரிக்கவே மாட்டார். குவிந்துகொண்டே இருக்கும். மே மாதத்தில் ஒரு நாள் அத்தனையையும் முன்பின் தெரியாதவர்களுக்கு வாரி விடுவார். யாராவது திருப்பி அனுப்பினால் வாங்க மாட்டார். புதிதாக வந்த எங்கள் காவல் மென்பொருள் பழைய கதையெல்லாம் கிளறிப் பார்த்து, இது மனுஷியே இல்லை, களவுக்கு வைத்த இயந்திரம் என்று முடிவு கட்டிக் கணக்கைப் பூட்டிவிட்டது. இந்த வருஷத்துக் கூடைகள் எல்லாம் உள்ளே மாட்டிக்கொண்டன. அன்றிலிருந்து அவரிடமிருந்து ஒரே செய்தி, திரும்பத் திரும்ப: "வெசாக்குக்கு முன்னாடி தொறந்து விடுங்க."

"மனுஷின்னு தெரிஞ்சா திறந்துடறேன். இல்லேன்னா அடியோட அழிச்சிடுவேன்" என்றார் எங்கள் டீம் தலைவர் ரகு. அந்தக் காவல் மென்பொருளைப் பெற்று வளர்த்தவர் அவர்தான். கிளம்பும்போது கம்பெனி விதியையும் ஞாபகப்படுத்தினார். ஆட்டக்காரர்களிடமிருந்து எதையும் வாங்கக் கூடாது, டீத்தண்ணி உட்பட.

கண்டியில் இறங்கியபோது மழை. எங்கள் ஊர் மழை மாதிரி வந்தோமா போனோமா என்று இல்லாமல், சாவகாசமாக உட்கார்ந்து பேசிவிட்டுப் போகிற மழை. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சாப்பாட்டுக் கடைக்குள் ஓடிப் புகுந்தேன். நான் எதுவும் கேட்கும் முன்பே மேசையில் ஒரு பெரிய தட்டை வைத்துவிட்டுப் போனார்கள். ரோல்ஸ், பட்டிஸ், மீன் வைத்த பன், முக்கோணமாக மடித்த ரொட்டி என்று மலை மாதிரி. ஒருத்திக்கு இவ்வளவா என்று மலைத்துப் போனேன். ஆனால் வைத்ததை மிச்சம் வைக்காதே என்று சொல்லி வளர்த்த உடம்பு இது. ஒவ்வொன்றாக முடித்துக்கொண்டே வந்தேன். ரொட்டி வரைக்கும் வந்து மூச்சு முட்டிய நேரத்தில் பரிமாறுகிறவர் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்.

"அக்கா, விரும்பினத மட்டும் சாப்புடுங்க. மத்தத உள்ள எடுத்துருவோம். எல்லாருக்கும் இப்புடித்தான் வைக்கிறது."

"இத முதல்லயே சொல்லக் கூடாதா?"

"நீங்க சாப்பிட்ட வேகத்துல எனக்குப் பேச எடம் கிடைக்கலயே."

பக்கத்து மேசைக்காரர்கள் சிரித்தார்கள், நானும் சேர்ந்து சிரித்தேன். அன்று ராத்திரி சாப்பாடே இறங்கவில்லை.

மறுநாள் கண்டிக்குப் பக்கத்திலிருக்கும் கட்டுகஸ்தோட்டை. அங்கே பாலத்துக்குக் கிட்ட ஃபோன் உறை, சார்ஜர் விற்கும் கடை வைத்திருக்கும் ரிஸ்வானா எங்கள் பழைய ஆட்டக்காரி. ஊரில் ஆடுகிறவர்களை எல்லாம் கூட்டி வைக்கிறேன் என்று ஒப்புக்கொண்டிருந்தார். ஏறிய த்ரீவீலர் பாலத்தின் நட்டநடுவில் படுத்துவிட்டது. எங்கள் ஊராக இருந்தால் பின்னால் நிற்கிற வண்டியெல்லாம் ஹாரனாலேயே நம் பரம்பரையை இழுத்திருக்கும். இங்கே ஒருத்தர் இறங்கி வந்தார், இன்னொருத்தர் வந்தார், மூன்றாமவர் வந்து எனக்குக் குடை பிடித்தார். எல்லாருமாகத் தள்ளிக் கரை சேர்த்தார்கள். கீழே மகாவலி ஆறு செம்மண் கலங்கி அகலமாகப் போய்க்கொண்டிருந்தது. இறங்கி நடந்தே போய்விட்டேன்.

"இரிங்க, இரிங்க. நனஞ்சி வந்திரிக்கீங்க" என்று ரிஸ்வானா நாற்காலியை இழுத்துப் போட்டார். முப்பது வயசு இருக்கும். பேச்சும் சிரிப்பும் ஒரே மூச்சில் வரும். கடைக்குள் ஏழெட்டுப் பேர் ஃபோனும் கையுமாக எனக்காகக் காத்திருந்தார்கள். பரிசு வந்து குதிக்கும்போது எப்படி இருக்கும் என்று என் கேள்வியை ஆரம்பித்தேன்.

காய்கறிக் கடைக்காரர் ஒருத்தர் யோசித்துப் பதில் சொன்னார். "சந்தோசமா இரிக்கும். பிறகு பொஞ்சாதி பாத்துட்டாளான்னு திரும்பிப் பாப்பன்." பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருவர், கூடையைப் பிரிப்பதைவிடப் பிரிக்காமல் வைத்திருப்பதுதான் சுகம் என்றார். ரிஸ்வானா நோன்பு மாதம் முழுக்கச் சேர்த்து வைத்துப் பெருநாளன்று ஒரே மூச்சில் பிரிப்பாராம். பரிசைக் கண்டால் உடனே பிரித்துப் போடுகிறவர்கள் என்று எங்கள் கம்பெனி நினைத்துக்கொண்டிருந்த கூட்டத்தில் ஓர் ஆள்கூட அங்கே இல்லை. எனக்கு உற்சாகம் பிய்த்துக்கொண்டு போனது. எழுதி எழுதிக் கை வலித்தது.

முடிந்ததும் மேலே வீட்டுக்குக் கூட்டிப்போனார். மேசையில் வட்டிலப்பம் என்ற இனிப்பு நடுங்கிக்கொண்டிருந்தது. கருப்பட்டி நிறம், ஏலக்காய் வாசம். விதியைச் சொன்னேன், தயங்கித் தயங்கித்தான் சொன்னேன்.

"ரூல்ஸ் உங்கட கம்பெனிக்கு. இது எங்கட வீடு" என்றார் ரிஸ்வானா. கரண்டி என் கைக்கு எப்படி வந்தது என்றே தெரியவில்லை. அதற்குப் பிறகு அந்தப் பயணத்தில் கம்பெனி விதி எழுந்திருக்கவே இல்லை.

இரண்டாவது துண்டு சாப்பிடும்போது மஹய்யாவ ராணியைப் பற்றி விசாரித்தேன். ரிஸ்வானாவின் சிரிப்பு நின்றுவிட்டது. "யோகேஸ்வரியக்காவா? அவ கடைக்கு வந்து அழாத குறை. ஃபோன்லதான் ஏதோ பழுதுன்னு நெனச்சி ரெண்டு தரம் கொண்டு வந்தா. பழுது ஃபோன்ல இல்ல, உங்கட கம்பெனியிலன்னு நான்தான் சொன்ன." நாளைக்குத் தானே கூட்டிப்போவதாகச் சொன்னார்.

மஹய்யாவ நகரத்தை ஒட்டின மேடு. நெருக்கமான வீடுகள், படி படியாக ஏறும் சந்துகள், கடைசிப் படியில் என் மூச்சு. யோகேஸ்வரி ஐம்பதைத் தாண்டியவர், மாநகர சபையில் கிளார்க். ஆபீஸ் முடிந்து வந்து முகம் கழுவி, பொட்டு வைத்து, வாசலிலேயே காத்திருந்தார். அவர் வீட்டுக்காரர் மாணிக்கம் பின்னால் நின்று கையைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"நீங்கதான் கம்பெனியா?"

"ஆமாங்க அக்கா."

"உள்ள வாங்க. உக்காருங்க. தேத்தண்ணி குடிங்க. அப்பறம் ஏசுறேன்."

சொன்ன மாதிரியே தேத்தண்ணி வந்தது, இஞ்சி தட்டிப் போட்டு. குடித்து முடித்ததும் ஏச்சும் வந்தது. ஃபோனை என் மூக்குக்கு நேரே நீட்டினார். திரையில் பெரிய பூட்டுப் படம், கீழே 'சந்தேகத்துக்குரிய நடவடிக்கை'.

"வேலை பாக்குற எடத்துலேருந்து ஒரு பென்சிலக்கூட வீட்டுக்குக் கொண்டாந்ததில்ல நானு. என் பேருல களவா? யார்கிட்டேருந்து எதை எடுத்தேன்? சொல்லுங்க பாப்போம்!"

"எடுக்கலைங்க அக்கா. குடுத்ததுதான் எங்களுக்குப் புரியலை. ஒரு வருஷம் சேர்த்து வச்சு ஒரே நாள்ல ஏன் குடுக்கணும்?"

"வெசாக்குன்னா குடுக்காம? தன்சல் போட்டேன்."

நான் முழித்த முழியில் அவருக்குக் கோபம் பாதி இறங்கிவிட்டது. வெசாக் என்கிற, புத்தர் பிறந்த பௌர்ணமியன்று தெருவுக்குத் தெரு அடுப்பைக் கூட்டி, போகிறவர் வருகிறவரை எல்லாம் மறித்து நிறுத்திச் சாப்பாடு போடுவார்களாம். அதுதான் தன்சல். சிங்களவர்கள் ஆரம்பித்தது, இப்போது எல்லாரும் போடுகிறார்கள். மஹய்யாவிலும் இவர்கள் வீட்டு வரிசை ஆட்கள் வருஷா வருஷம் கொண்டைக்கடலைத் தன்சல் போடுகிறார்கள், சட்டிக்குப் பொறுப்பு யோகேஸ்வரி. ஒரு வருஷம் சரியாக வெசாக்குக்கு முன்னால் படியில் வழுக்கிக் காலை உடைத்துக்கொண்டார்.

"கட்டுப் போட்டுப் படுக்க வச்சிட்டாங்க. வெளிய கடல தாளிக்கிற வாசன வருது, இந்த மனுசன் உப்புப் போடாம எறக்கிட்டாருன்னு சனம் சிரிக்கிறது கேக்குது, நான் மோட்ட பாத்துக்கிட்டு கெடக்கேன். எப்புடி இருக்கும்? கையில ஃபோன்தான் இருந்துச்சு. தொறந்து பாத்தா அங்கயும் சனம் கைய நீட்டிக்கிட்டு வரிசையில நிக்குது. எங்கிட்ட கூடை இருந்துச்சு. எடுத்துக் குடுத்தேன். எல்லாம் முடியிற வரைக்கும் குடுத்தேன். அன்னைக்கு எனக்குக் கால் வலியே தெரியலங்க."

அதிலிருந்து கால் சரியான பிறகும் இரண்டு தன்சல். வாசலில் கடலை, ஃபோனில் கூடை. வரிசையில் நிற்பவருக்குச் சத்தியம் மாதிரி மனசுக்குள் சொல்லிவிட்டுத்தான் வருஷம் பூராவும் சேர்ப்பாராம். "சொன்னத குடுக்காம விட்டா எனக்குச் சோறு எறங்காது" என்றார். முகத்தைப் பார்த்தேன், விளையாட்டுப் பேச்சு இல்லை. நாளை மறுநாள் வெசாக்.

என் தாளில் அடுத்த கேள்வி இருந்தது, கேட்டுத் தொலைத்தேன். "பதிலுக்கு உங்களுக்கு என்ன கிடைக்கும்?"

யோகேஸ்வரி ரிஸ்வானாவைப் பார்த்தார். ரிஸ்வானா மாணிக்கத்தைப் பார்த்தார். மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பதிலுக்கு எனக்கு இன்னொரு தேத்தண்ணிதான் வந்தது.

வெளியே வந்து ரகுவுக்கு அடித்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கதை நல்லாத்தான் இருக்கு" என்றார். "ஆனா அந்த வரிசையில நின்னு வாங்கினவங்க நிஜம்னு எப்படித் தெரியும்? அவங்களே நாலு ஃபோன் வச்சிருந்தா? வாங்கின ஆள் ஒருத்தரையாவது காட்டு."

"மனுசனா நீங்க?" என்று கேட்டுவிட்டேன். தலைவரிடம் அப்படிப் பேசக் கூடாதுதான். வாய் முந்திக்கொண்டது.

போன வருஷம் கூடை வாங்கியவர்களுக்குக் கம்பெனி வழியாகச் செய்தி அனுப்பினோம். பேச ஒப்புக்கொண்டவர் ஒருவர்தான். கடுகண்ணாவையில் தையல் கடை வைத்திருக்கும் குசும் என்ற சிங்களப் பெண்மணி. வெசாக் அன்றே வாருங்கள், வேறு எந்த நாளில் வந்தாலும் தையல் தலைக்கு மேல் இருக்கும் என்றார். எனக்குச் சிங்களம் ஒரு வார்த்தை தெரியாது. ரிஸ்வானா கடையை மூடிவிட்டு மொழிபெயர்க்க வந்தார்.

வெசாக் காலையில் கண்டியே வெள்ளை உடுத்திக்கொண்டு தெருவுக்கு வந்திருந்தது. கடை வாசல், மரக்கிளை, விளக்குக் கம்பம் எல்லாவற்றிலும் காகிதக் கூடு விளக்குகள். நம் ஊர்க் கார்த்திகையையும் பொங்கலையும் ஒரே நாளில் வைத்த மாதிரி எனக்கு இருந்தது. பஸ்ஸில் பாட்டு அலறியது. மலைச்சாலையின் ஒவ்வொரு வளைவிலும் நான் ரிஸ்வானா மடியிலோ ரிஸ்வானா என் மடியிலோ இருந்தோம்.

கடுகண்ணாவையில் குசும் எங்களைக் கண்டதும் கையை ஆட்டினார், ஆனால் நிற்கவில்லை. நடுச்சாலையில் கொடியை வீசிக்கொண்டு ஒரு லாரியை மறித்துக்கொண்டிருந்தார். சின்ன உருவம், குரல் மட்டும் பெரிது. லாரி நின்றது, பின்னால் வந்த வேனும் நின்றது. எல்லாரும் இறங்கி வரிசையில் நின்றார்கள். தையல் மெஷினை ஓரம் தள்ளிவிட்டுக் கடைக்குள் சோறு, பருப்பு, பலாக்காய்க் கறி. யார் நீ, எங்கிருந்து வருகிறாய் என்று ஒரு கேள்வி இல்லை. தட்டு கைக்கு வந்துவிடும். நம் ஊர் அன்னதானத்தில் ஆளைத் தேடிப்போக வேண்டியதில்லை, கூட்டமே தேடி வரும். இங்கே பசியே இல்லாமல் காரில் போகிறவனையும் இழுத்துப் போட்டுச் சாப்பிட வைக்கிறார்கள். எனக்கும் தட்டு வந்தது. பலாக்காய் இறைச்சி மாதிரி வெந்து மசாலாவில் ஊறியிருந்தது. இரண்டாம் முறையும் போய் வரிசையில் நின்றேன், யாரும் ஏனென்று கேட்கவில்லை.

சாப்பிட்ட கையோடு ரகுவை வீடியோவில் பிடித்து ஃபோனைச் சுற்றிக் காட்டினேன். ஒரு பஸ்ஸை அப்போதுதான் மறித்திருந்தார்கள். டிரைவர் முதல் ஆளாக இறங்கினார்.

"என்ன கலாட்டா அது? பஸ்ஸ மறிக்கிறாங்க! போராட்டமா?" என்றார் ரகு.

"சாப்பாடு போடறாங்க."

"யாருக்கு?"

"பஸ்ஸுக்கு!"

குசும் வியர்வையைத் துடைத்துக்கொண்டு வந்து ஃபோனுக்கு முன்னால் நின்றார். அவர் சொல்லச் சொல்ல ரிஸ்வானா தமிழில் சொன்னார்.

"போன வெசாக்ல இந்தத் தன்சல் முடிஞ்சி, கால் வலியோட படுத்து, கேம் தொறந்தேன். உயிர் எல்லாம் முடிஞ்சி போயிருந்துச்சி. ஊருக்கெல்லாம் சாப்பாடு போட்டேன், எனக்கு ஒரு உயிர் குடுக்க ஆள் இல்லையேன்னு சிரிச்சிட்டு வரிசையில நின்னேன். மஹய்யாவ ராணின்னு ஒருத்தர்கிட்டேருந்து கூடை வந்திச்சி. திருப்பி அனுப்பப் பாத்தேன், வாங்கல. அப்பதான் விளங்கிச்சி, அட, இவவும் தன்சல் போடுறா!"

ரகு என் கேள்வியையே கேட்டார். "சரிங்க, ஆனா இதுல குடுக்கிறவங்களுக்கு என்ன கிடைக்குது?"

ரிஸ்வானா அதைச் சிங்களத்தில் சொன்னதும் குசும் என்னை ஒரு பார்வை பார்த்தார், உங்கள் ஆளுக்கு உடம்புக்கு எதுவும் இல்லையே என்பது போல. பிறகு கடைக்குள் போய்ப் பெரிய சோற்றுச் சட்டியைச் சாய்த்துக் கேமராவுக்குக் காட்டினார். அடியில் கொஞ்சம்தான் இருந்தது.

ரிஸ்வானா மொழிபெயர்த்தார்: "காலையில நெறஞ்சி இருந்திச்சாம். இப்ப காலியாகப் போகுதாம். இத விட என்ன வேணும்னு கேக்குறா."

ரகு தொண்டையைச் செருமினார். "நம்ம ஆள் ஒருத்தர் நேர்ல சாட்சியா நிக்கணும்னு விதி. நீ சாயங்காலம் அந்தம்மா பக்கத்துல இரு. முகத்தைக் காட்டு, திறந்து விடறேன். எட்டு மணிக்கு அப்பறம் என் கையில இல்லை. மென்பொருளே ராத்திரி தானா எல்லாத்தையும் துடைச்சிடும்."

சந்தோஷத்தில் குசுமைக் கட்டிப்பிடித்துவிட்டேன். மதியம்தானே, எட்டு மணிக்குள் கண்டிக்குப் போவதென்ன பெரிய விஷயம் என்று பஸ் ஏறினோம்.

ஏறின பிறகுதான் புத்தி வந்தது. நாங்கள் போவது வெசாக் அன்றைக்கு, அதுவும் தன்சல் சாலையில். முதல் வளைவிலேயே கொடியோடு ஒரு கூட்டம், பஸ் நின்றது, எல்லாரும் இறங்கி ஐஸ்கிரீம் சாப்பிட்டோம். ஏறி உட்கார்ந்தால் அடுத்த வளைவில் பெலிமல் என்கிற வில்வப்பூக் கஷாயம், பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடிக்க வேண்டும். அதற்கடுத்து அவித்த மரவள்ளிக்கிழங்கும் மிளகாய் இடித்த கட்டச் சம்பலும். வாய் எரிந்து, கண்ணில் தண்ணீர் வந்து, நேரம் போய்க்கொண்டே இருந்தது. நான் கண்டக்டரிடம் கெஞ்சினேன்.

"அவசரம்னா அடுத்த பஸ்ல வாங்க மிஸ்" என்றார் அவர் கிழங்கை மென்றுகொண்டே. "அதுவும் இங்கன நிக்கத்தான் செய்யும்."

ரிஸ்வானாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. நானோ நிமிஷத்துக்கு ஒரு தரம் மணி பார்த்துக்கொண்டிருந்தேன். கூடைகள் போய்விட்டால் அந்த அம்மாவிடம் என்ன சொல்வேன்? நகரத்துக்குள் நுழைந்தபோது இருட்டிவிட்டது, கூட்டத்தில் பஸ் ஊர்ந்தது. இறங்கி ஓடினோம். ஆயிரம் கூடு விளக்குகள் எரிந்த தெருவை நான் பார்க்கவே இல்லை, காலை மட்டும் பார்த்துக்கொண்டு ஓடினேன். மஹய்யாவப் படிகளில் ஏறும்போது தின்றது எல்லாம் கணக்குக் கேட்டது.

யோகேஸ்வரி வாசலில் அடுப்புக்கு முன்னால் நின்று, காகிதக் கூம்புகளில் கடலை அள்ளிக் கொடுத்துக்கொண்டிருந்தார். வெங்காயமும் மிளகாயும் தேங்காய்த் துண்டும் போட்டுத் தாளித்த கடலை. பக்கத்தில் ஒரு ஸ்டூலில் ஃபோன், அதே பூட்டுப் படம். எங்களைப் பார்த்ததும் கேட்கவே பயந்த மாதிரி நின்றுவிட்டார்.

"அக்கா, இங்க பாருங்க, முகத்தைக் காட்டுங்க!" மூச்சு வாங்க ஃபோனை அவர் முன்னால் பிடித்தேன். ரகு வீடியோவில் இருந்தார். "வணக்கம்மா. நீங்கதானா மஹய்யாவ ராணி?"

"நான்தான். ஏன், பாத்தா மெஷின் மாதிரி இருக்கா?"

"இல்லைம்மா" என்றார் ரகு. "மன்னிச்சுக்குங்க."

ஸ்டூலில் இருந்த ஃபோன் மணியடித்தது. பூட்டு மறைந்து, ஒரு வருஷத்துக் கூடைகள் திரை முழுக்கக் குலுங்கிக்கொண்டு வந்து நின்றன. யோகேஸ்வரி ஒரு கூச்சல் போட்டார் பாருங்கள், கடலைக்கு நின்ற வரிசை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. கரண்டியை மாணிக்கத்தின் கையில் திணித்து, "உப்பப் பாத்துப் போடுங்க!" என்று ஓர் அதட்டு அதட்டிவிட்டு, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

ரிஸ்வானா வரிசையில் நிற்கிறவர்களின் பெயரைப் படிக்கப் படிக்க, இவர் கூடையைத் தள்ளினார். எந்த ஊரோ, எந்த நாடோ. ஒவ்வொன்றுக்கும் ஒரு வார்த்தை. "இந்தாப்பா, பிடி." "நல்லாயிரு." "இது என்ன பேரு, வாயிலயே நொழையல, சரி, நீயும் நல்லாயிரு." கடலை வாங்கினவர்கள் போகாமல் சுற்றி நின்று பார்த்தார்கள். ஒரு கூடை போனதும் ஓர் ஆரவாரம். எத்தனையோ வருஷமாகப் பரிசு வாங்குகிறவர்களின் முகத்தைப் படிப்பதுதான் என் தொழில். இவ்வளவு சந்தோஷமான முகத்தை அதுவரைக்கும் நான் பார்த்ததில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, கடலையில் இருந்த மிளகாய் மேல் பழி போட்டேன்.

"அடுத்த ஆள் பேரு 'பசிக்குது'ன்னு போட்டிரிக்கி" என்றார் ரிஸ்வானா.

"ஐயோ பாவம். அதுக்கு ரெண்டாக் குடு" என்று யோகேஸ்வரி இரண்டு தள்ளினார்.

என் ஃபோன் அலறியது. ரகு. "ஏய்! எனக்கு வந்துடுச்சு! ரெண்டு! சும்மா போய் வரிசையில நின்னு பாத்தேன், ரெண்டு குடுத்திருக்காங்க!" இந்த விளையாட்டைச் செய்ததிலிருந்து அந்த மனுஷன் இப்படிக் கத்திக் கேட்டதே இல்லை.

கடைசிக் கூடையும் போனது. அந்தப் பக்கம் மாணிக்கம் கடலைச் சட்டியைக் கரண்டியால் சுரண்டி, அடியில் ஒட்டினதை எனக்கென்று ஒரு கூம்பில் போட்டுக் கொடுத்தார். வீட்டு வரிசை ஆட்கள் கை தட்டினார்கள், தன்சல் கொடியை இறக்கினார்கள்.

அப்போதுதான் மறுபடியும் மணி. யோகேஸ்வரியின் திரையில் அதே பூட்டு. 'சந்தேகத்துக்குரிய நடவடிக்கை.' ஒரே மூச்சில் இத்தனை கூடையா என்று ரகுவின் மென்பொருள் திரும்பவும் பிடித்துக்கொண்டது.

"ரகு! மறுபடி பூட்டிடுச்சு! உங்க தலையில கொள்ளி வைக்க, இப்பவே திறங்க!" என்று கத்தினேன். அவரும் அந்தப் பக்கம் பதறினார். "இரு இரு, அம்மாகிட்டச் சொல்லு, அஞ்சே நிமிஷம், ஆபீஸுக்கே போய்த் திறந்துடறேன்..."

யோகேஸ்வரி என் கையிலிருந்து ஃபோனை வாங்கினார். முகமெல்லாம் சிரிப்பு.

"எதுக்குத் தம்பி இந்த நேரத்துல அலையிறீங்க? சட்டி காலி, கூடையும் காலி. பூட்டிக் கெடந்தா கெடக்கட்டும். நாளைக்குக் காலையில ஆற அமரத் தொறந்து விடுங்க, போதும். அடுத்த வெசாக்குக்குச் சேக்கணும்ல?"